ஓசி லைப்ரரியும் ஒரு இருப்பாய்வும்

டிஸ்கி: இதை எழுதுபவன் பி.காம். மூன்றாம் ஆண்டு. பைத்தான் தானாகக் கற்றுக்கொண்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் கல்லெடுக்கும் முன் முழுசாகப் படித்துவிடவும் :-)

"டெஸ்ட் பண்றது எழுதினவன் வேலைடா, நமக்கென்ன?"

இந்த ஒரு வாக்கியத்தை இந்த செமஸ்டரில் மட்டும் நாலு பேர் வாயால் கேட்டாயிற்று. நாலு பேரும் கம்ப்யூட்டர் சயின்ஸ். நாலு பேர் ப்ராஜெக்டும் அடி முதல் நுனி வரை திறமூல மென்பொருள். ஓசியில் கிடைப்பதை ஓசியில் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதற்காகத்தானே கொடுக்கிறார்கள். ஆனால் இந்த வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது. அதுவும் பேச்சு டேட்டாபேஸ் கிளையண்ட் லைப்ரரியைப் பற்றி என்றால் இன்னும் அதிகமாக. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளப் பதிவு.

முதலில் என் வகுப்பு மக்களுக்காக ஒரு விளக்கம். பொட்டி தட்டுகிறவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம். டேட்டாபேஸ் என்பது பேரேடு. பில்லிங் புரோகிராம் என்பது கடையின் கல்லா. கல்லாவில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் பேரேட்டில் எழுதுவதில்லை. நடுவில் ஒரு ஆள் சீட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு, "பதிஞ்சாச்சு" என்று வந்து சொல்கிறார். அந்த நடு ஆள்தான் கிளையண்ட் லைப்ரரி. அவர் வழியில் சீட்டைத் தவறவிட்டாலோ, பென்சிலில் எழுதிவிட்டு வந்தாலோ கல்லாவுக்கு உடனே தெரியாது. பேரேட்டுக்கும் தெரியாது. மாதக் கடைசியில் யாரோ ஒருவர் தலையில் விடியும்.

சரி, மேட்டருக்கு வருவோம். பைத்தானிலிருந்து போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோடு பேசுவதற்குப் பல வருடங்களாக எல்லோரும் நம்பியிருந்த நடு ஆளின் பெயர் சைக்கோபிஜி 2. (பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆள் சாது.) அதைப் பராமரித்து வந்த டேனியலே வராட்ஸோ, பழையதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதைவிட அடியிலிருந்து புதிதாக எழுதிவிடலாம் என்று இறங்கினார். 2020-ல் தன் யோசனையைப் பொதுவில் எழுதி வைத்தார். 2021-ல் பீட்டா வந்தது. அதே வருடம் அக்டோபரில் சைக்கோபிஜி 3.0 முழு வெளியீடாக வந்தது. 2023 ஜனவரியில் எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0, ஏப்ரலில் ஜாங்கோ 4.2 என்று பெரிய ஆட்கள் இதற்கு ஆதரவு கொடுத்தார்கள். அதாவது யோசனை வெளியே வந்ததிலிருந்து ஜாங்கோவுக்குள் நுழையும் வரை சுமார் மூன்று வருடம். யாருக்கும் தெரியாமல் இரவோடு இரவாக நடந்த காரியம் இல்லை இது.

எதெல்லாம் மாறியது என்பதையும் ஒளிக்கவில்லை. 2-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடுகள் என்று ஆவணத்தில் தனிப் பக்கமே இருக்கிறது. முக்கியமானது இது: பழைய லைப்ரரி, நீங்கள் கொடுக்கும் மதிப்புகளை எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் தானே பொருத்தி, முழு வாக்கியமாக்கி சர்வருக்கு அனுப்பும். புதியது வாக்கியத்தைத் தனியாகவும் மதிப்புகளைத் தனியாகவும் அனுப்பும், பொருத்துவது சர்வரின் வேலை. நல்ல மாற்றம். பாதுகாப்பும் கூடுதல். ஆனால் இதனால் முன்பு ஓடிய சில விஷயங்கள் ஓடாது. ஒரே அழைப்பில் இரண்டு மூன்று வாக்கியங்களை மதிப்புகளோடு அனுப்ப முடியாது. 'இன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பட்டியலை அப்படியே தூக்கிப் போட முடியாது, 'எனி' என்று மாற்றி எழுத வேண்டும். இன்னொன்று, பார்க்கச் சின்னதாகத் தெரிவது. 'வித்' என்று கனெக்‌ஷனைத் திறந்து ஒரு பிளாக் எழுதினால், பழையதில் பிளாக் முடியும்போது கமிட் ஆகும், கனெக்‌ஷன் திறந்தே இருக்கும். புதியதில் கமிட் ஆகி, கனெக்‌ஷனும் மூடப்பட்டுவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது நண்பர்களின் வாதத்துக்கு வருகிறேன். "எழுதினவன்தான் டெஸ்ட் பண்ணணும்" என்றால், பண்ணவில்லையா? பண்ணினார்கள். சைக்கோபிஜி 3-ல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பல பைத்தான் பதிப்புகள், பல போஸ்ட்கிரஸ் பதிப்புகள், லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று சோதனைகள் தானாக ஓடுகின்றன. சோதனைத் தரவைக்கூட தற்செயலாக உருவாக்கித் திணித்துப் பார்க்கும் ஒரு பகுதி உண்டு. எல்லாம் பச்சை டிக் வந்தால்தான் அடுத்த படி.

அந்தப் பச்சை டிக் என்றால் என்ன என்பதைப் பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியல் படித்த யாரும் சொல்லிவிடலாம். அது இருப்பாய்வு சமமாவது. பற்றும் வரவும் ஒத்துப்போனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பதைத்தான் அந்தப் பாடத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு நடவடிக்கையை அடியோடு எழுதாமலே விட்டிருந்தாலும் இருப்பாய்வு சமமாகும், அது விடுபிழை. இயந்திரம் வாங்கியதைப் பழுதுச் செலவில் எழுதினாலும் சமமாகும், விதிப்பிழை. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டினாலும் சமமாகும், ஈடுசெய் பிழை. பரீட்சைக்காக நாம் உருப்போட்ட இதே பட்டியல்தான் லைப்ரரிக்கும். எழுதியவருக்குத் தோன்றாத ஒரு பயன்பாட்டுக்கு அவரிடம் சோதனை இருக்க முடியாது. தோன்றாததை எப்படி எழுதுவார்? அவருடைய விடுபிழை அவருடைய இருப்பாய்வில் தெரியாது. உங்கள் கணக்கை அதில் ஓட்டினால்தான் தெரியும்.

உதாரணம் வேண்டுமா? 3.0 வெளியான கையோடு 3.0.1 வந்தது. அதில் சரிசெய்யப்பட்டது என்ன தெரியுமா? ஒரே கர்சரில் ஒரே வாக்கியத்தை, முதலில் ஒரு வகை மதிப்போடும் அடுத்து வேறு வகை மதிப்போடும் ஓட்டினால், இரண்டாவதற்குத் தவறான மாற்றியைப் பயன்படுத்திவிடும் பிழை. சாதாரண கடையில் தினமும் நடக்கிற விஷயம் இது: ஒரே வாக்கியம், இந்த பில்லில் ஒரு வகை மதிப்பு, அடுத்த பில்லில் வேறு வகை. பீட்டா காலத்தில் ஒரே ஒரு கடைக்காரரின் ஒரு நாள் பில்கள் அதில் ஓடியிருந்தால் அப்போதே மாட்டியிருக்கலாம். ஓட்ட ஆளில்லை. பிப் என்கிற நிறுவியும் பீட்டாவைத் தானாகக் கொண்டுவந்து தராது, முன்வெளியீடு வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். யார் கேட்கிறார்கள்?

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. சைக்கோபிஜி 3 ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து, ஐந்து தடவைக்கு மேல் போனால் அதை சர்வரில் முன்கூட்டியே தயார்செய்து வைத்துக்கொள்ளும். வேகத்துக்காக. நடுவில் பிஜிபவுன்சர் மாதிரி கனெக்‌ஷன்களைப் பங்கு போட்டுத் தரும் ஒருவர் இருந்து, அவர் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் வேறு வேறு சர்வர் கனெக்‌ஷனைக் கொடுத்தால், ஒரு கனெக்‌ஷனில் தயார்செய்தது இன்னொன்றில் இருக்காது. விளைவு, முதல் ஐந்து தடவை சமர்த்தாக ஓடும், அதற்கப்புறம் எப்போது வேண்டுமானாலும் விழும். பிஜிபவுன்சர் இதைக் கையாளக் கற்றுக்கொண்டது 2023 அக்டோபரில் வந்த 1.21 பதிப்பில்தான். அதுவரை இந்த வசதியை அணைத்து வைக்கும் வழி ஆவணத்திலேயே இருந்தது. இப்போது சொல்லுங்கள், உங்கள் டெஸ்ட்டில் ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை ஓட்டுகிறீர்கள்? ஒரு தடவை. "ஓடுது மச்சி", அவ்வளவுதான். ஆறாவது தடவை யார் ஓட்டுவது? வாடிக்கையாளர்.

பழைய சைக்கோபிஜி 2-க்கும் இதே கதை உண்டு. 2017-ல் 2.7 பதிப்பு வந்தபோது, நிறுவ எளிதாக இருக்கட்டும் என்று தேவையான சி லைப்ரரிகளையும் உள்ளேயே மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். அதில் இருந்த எஸ்எஸ்எல் லைப்ரரியும் பைத்தான் தனக்கென்று வைத்திருந்த எஸ்எஸ்எல் லைப்ரரியும் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும்போது முட்டிக்கொண்டு, புரோகிராமே சரிந்தது. தனியாக ஓட்டினால் ஒன்றுமில்லை, கூட்டம் சேர்ந்தால்தான் தகராறு. கடைசியில் 2019-ல் 2.8 வந்தபோது அந்த மூட்டையை வேறு பெயருக்கு மாற்றிவிட்டார்கள். இதை எழுதினவர் மேசையிலிருந்து கண்டுபிடித்திருக்க முடியுமா? கூட்டம் உங்களிடம்தானே இருக்கிறது?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றினால் ஒரு கறிக்கு உதவும் கதை சொல்கிறேன். என் பெரியப்பா மளிகை மொத்த வியாபாரம். பில்லிங் புரோகிராம் உள்ளூரில் ஒருவர் பைத்தானில் எழுதிக் கொடுத்தது. அந்த மனிதர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து, "லேட்டஸ்ட் வெர்ஷன் போட்டுத் தரேன்" என்று 2-ஐ எடுத்துவிட்டு 3-ஐப் போட்டார். நேரே கடை கம்ப்யூட்டரில். முதல் பில் போனது. இரண்டாவது பில்லில் கனெக்‌ஷன் மூடியிருக்கிறது என்று பிழை. மேலே சொன்ன அந்த 'வித்' சமாசாரம்தான். ஆவணத்தைத் திறந்திருந்தால் இரண்டு நிமிடம். அவர் திறக்கவில்லை. 'வித்'தை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார், பில்கள் வரிசையாக வந்தன. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

'வித்' போனதும் கமிட்டும் போய்விட்டது. திறந்திருக்கும் அதே கனெக்‌ஷனில் பார்த்தால் எல்லா பில்லும் திரையில் தெரியும், பிரிண்டும் வரும். ஆனால் எல்லாம் பென்சில் எழுத்து. இரவு கம்ப்யூட்டரை அணைத்ததும் அத்தனையும் அழிந்துவிட்டது. ரொக்க பில்லாவது கல்லாவில் பணமாக இருக்கும். கடனுக்குப் போன சரக்கு? திங்கட்கிழமை கிடங்கில் எண்ணினால் ஏட்டு இருப்பைவிட மூட்டைகள் குறைவு. சாவி வைத்திருப்பவர் கிடங்கு அண்ணன். அவர் அந்தக் கடையில் சேர்ந்தபோது நான் பிறக்கவில்லை. அவரை இரண்டு நாள் கேள்வி கேட்டார்கள். யாரும் திருடன் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, வீட்டில் அண்ணி முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. புதன்கிழமை ஒரு வாடிக்கையாளர் தன் கையிலிருந்த பில்லோடு வந்து பாக்கியைக் கட்ட, "இந்த பில் நம்மகிட்ட இல்லையே" என்று பெரியப்பா விழிக்க, அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் அதற்கப்புறம் கோடைப் பார்த்துதான் மேலே எழுதியதையெல்லாம் கற்றுக்கொண்டேன். அந்த புரோகிராம்காரர் சொன்னது என்ன? "ஓப்பன் சோர்ஸ்னா அப்படித்தான் சார், அவனுங்க சரியா டெஸ்ட் பண்ண மாட்டானுங்க."

இதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. லைப்ரரி சொன்னபடிதான் நடந்துகொண்டது. மாற்றம் எழுதி வைக்கப்பட்டிருந்தது. பிழைச் செய்தியும் உண்மையைத்தான் சொன்னது. வீட்டிலேயே நேற்றைய பேக்கப்பை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காதவர் இவர். பழி மட்டும் முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு.

சட்டம் பேசுபவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன், வணிகச் சட்டம் மூன்றாம் செமஸ்டர் :-) இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 25: மறுபயன் இல்லாத ஒப்பந்தம், சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது. நீங்கள் வராட்ஸோவுக்கு என்ன கொடுத்தீர்கள்? ஒன்றுமில்லை. அப்புறம் எந்த உரிமையில் "ஏன் டெஸ்ட் பண்ணல" என்று அதட்டுகிறீர்கள்? சைக்கோபிஜி வெளியாகும் எல்ஜிபிஎல் உரிமத்திலும் உத்தரவாதம் கிடையாது என்று தெளிவாகவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கே சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16 'வாங்குபவனே உஷார்' என்பதில்தான் தொடங்குகிறது. ஓசிக்கு?

அதைவிட முக்கியமானது கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 141. ஒரு கம்பெனியின் அதிகாரியோ ஊழியரோ அந்தக் கம்பெனிக்குத் தணிக்கையாளராக முடியாது. ஏன்? எழுதியவன் கண்ணுக்குத் தன் எழுத்து எப்போதும் சரியாகத்தான் தெரியும். அவன் யோக்கியனா இல்லையா என்பது வேறு விஷயம். இந்தச் சாதாரண உண்மையை ஏற்றுக்கொண்டு ஆண்டுதோறும் ஆடிட்டருக்கு ஃபீஸ் கட்டும் அதே முதலாளி, தன் கணக்கு முழுதும் ஓடுகிற லைப்ரரியை மட்டும் எழுதியவரே தணிக்கை செய்து கையெழுத்தும் போட்டுத் தரவேண்டும் என்கிறார். பீட்டா என்பது தணிக்கைக்காகத் திறந்து வைக்கப்பட்ட கணக்கு. வந்து பாருங்கள் என்கிறார்கள். நாம் போவதில்லை.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?" என்று ஒருவர் பழமொழியோடு வந்தார். கொடுத்தவரிடம் குறை சொல்லாதே என்பதற்குத்தான் அது. ஏரில் பூட்டப் போகிறவன் பல்லையும் பார்ப்பான், குளம்பையும் பார்ப்பான். நம் ஆட்கள் நேர்மாறு. பூட்டும்போது பார்ப்பதில்லை, மாடு படுத்ததும் கொடுத்தவரைத் திட்டுகிறார்கள்.

சின்னக் கடைகளை விடுங்கள், பெரியவர்கள் ஒழுங்கா? மைஎஸ்க்யூஎல் கதையைப் பாருங்கள். 8.0-ல் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இயல்பு முறையைப் புதியதாக, வலுவானதாக மாற்றினார்கள். அந்த மாற்றம் 2018 ஜனவரியில் வந்த 8.0.4 ரிலீஸ் கேண்டிடேட்டிலேயே இருந்தது. முழு வெளியீடு ஏப்ரலில், 8.0.11. நடுவில் முழுசாக மூன்று மாதம். இருந்தும் முழு வெளியீடு வந்த பிறகுதான் நோட் ஜேஎஸ், பிஎச்பி என்று பல பக்கமும் கிளையண்ட் லைப்ரரிகள் "இந்த முறை எனக்குத் தெரியாது" என்று கைவிரித்தன. அப்போது இணையம் முழுக்கப் பரவிய தீர்வு என்ன? அந்த யூசரைப் பழைய, பலவீனமான முறைக்கே மாற்றிவிடு. ஒரு வரி. காப்பி, பேஸ்ட், வேலை முடிந்தது. அந்தப் பழைய முறையை 2024 ஏப்ரலில் வந்த 8.4 இயல்பாகவே அணைத்து வைத்தது, அதே வருடம் ஜூலையில் 9.0 அடியோடு எடுத்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் பேஸ்ட் செய்த அந்த ஒரு வரிக்கு அப்போது மறுபடி அலறல்.

பலர் பார்ப்பதால் திறமூலத்தில் பிழை தங்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அந்த நம்பிக்கை பாதிதான். பார்க்க முடியும் என்பதும் பார்க்கிறார்கள் என்பதும் ஒன்றா? போஸ்ட்கிரஸின் சொந்த கிளையண்ட் லைப்ரரி லிப்பிக்யூ. சைக்கோபிஜி உட்பட எத்தனையோ லைப்ரரிகள் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மதிப்புகளைப் பத்திரமாக மேற்கோள் குறிக்குள் வைத்துத் தருவதற்கென்றே அதில் இருந்த ஃபங்ஷன்கள், எழுத்துக் குறியீடு கெட்டுப்போன உள்ளீடு வந்தால் சில இடங்களில் எஸ்க்யூஎல் ஊடுருவலுக்கு வழி விடுகின்றன என்று 2025-ல் தெரியவந்தது. பூட்டே ஓட்டை. பிப்ரவரி 13 அன்று திருத்தம் வெளியிட்டார்கள். அந்தத் திருத்தத்திலேயே வேறொரு கோளாறு புகுந்து, பிப்ரவரி 20 அன்று அட்டவணையில் இல்லாத இன்னொரு வெளியீடு போட வேண்டி வந்தது. உலகத்திலேயே கவனமாக எழுதப்படும் மென்பொருள்களில் ஒன்று போஸ்ட்கிரஸ். அவர்களுக்கே ஒரு வாரத்தில் இரண்டு.

நம்பிக்கையின் மறுபாதி எங்கே வேலை செய்கிறது என்பதற்கும் போஸ்ட்கிரஸ் வட்டாரத்திலேயே ஒருவர் இருக்கிறார். ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட், போஸ்ட்கிரஸ் எழுதுபவர்களில் ஒருவர். 2024 மார்ச்சில் டெபியனின் 'அன்ஸ்டேபிள்' பதிப்பில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். என்னடா இது என்று தோண்டிப் போனால், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டம் போட்டு வைத்த பின்கதவு! பெரும்பாலான சர்வர்களில் ஓடும் நிலையான பதிப்புகளுக்குள் அது போய்ச் சேரும் முன்னால் பிடிபட்டது. காரணம் ரொம்ப எளிது. முழு வெளியீட்டுக்கு முந்தின நிலையில் உள்ளதை ஒரு மனிதர் தன் சொந்த வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். 'டெஸ்டர்' என்று அவருக்குப் பட்டமும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

நம் கல்லூரிகளில் இதற்கு என்ன மரியாதை? ஒன்றுமில்லை. 'ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு' என்றால் ரெஸ்யூமில் போட ஏதாவது ஒன்று. 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் டி-ஷர்ட்டுக்காக, சம்பந்தமே இல்லாத ப்ராஜெக்டுகளின் ரீட்மீ கோப்பில் ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பி, பராமரிப்பவர்களின் கழுத்தை அறுத்தது நினைவிருக்கிறதா? நடத்தும் டிஜிட்டல் ஓஷன் அந்த மாத ஆரம்பத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று, விருப்பம் தெரிவிக்கும் ப்ராஜெக்டுகள் மட்டும் என்று. அந்தக் கூட்டத்தில் நம்மூர் மாணவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சங்கடப்பட விரும்பவில்லை. ஒரு பீட்டாவை நிறுவி, தன் ப்ராஜெக்டை அதில் ஓட்டி, எங்கே உடைகிறது என்று ஒழுங்காக ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் அதற்கு டி-ஷர்ட் இல்லை. ஆனால் பராமரிப்பவருக்கு அந்த ஒரு பக்கம்தான் வேண்டும்.

"சின்ன ஆளுக்கு டெஸ்ட் பண்ண வசதி ஏது?" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பரிவு உண்டு, ஒப்புதல் இல்லை. கையால் கணக்கு எழுதிய கடைகள் டேலிக்கு மாறியபோது என்ன செய்தார்கள்? சில நாள் நோட்டிலும் எழுதினார்கள், டேலியிலும் ஏற்றினார்கள், இரவு இரண்டின் கூட்டலையும் ஒப்பிட்டார்கள். பொருந்திய பிறகுதான் நோட்டை மூடினார்கள். எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் அவர்கள் படிக்கவில்லை. அதேதான் இங்கேயும். ஒரு பழைய லேப்டாப், நேற்றைய பேக்கப், புதிய லைப்ரரி. ஒரு நாள் பில்களை அதிலும் போடுங்கள். ஒரே பில்லை ஆறு ஏழு தடவை போடுங்கள். நடுவில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள். பைசா வைத்துப் போடுங்கள், பைசா இல்லாமல் போடுங்கள். மார்ச் 31 இரவு ஒன்று, ஏப்ரல் 1 காலை ஒன்று. எல்லாவற்றையும் விட முக்கியம், புரோகிராமை மூடிவிட்டுத் திறந்து, பதிந்தது இருக்கிறதா என்று பாருங்கள். பெரியப்பா கடைக்கு இந்தக் கடைசி ஒன்று போதுமாயிருந்தது.

நம்மைத் தவிர வேறு யாரும் சோதிக்கவே முடியாததும் உண்டு. கோபால் என்று தமிழில் தட்டுங்கள். அந்த 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வோடு ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகச் சேர்ப்பது ஒன்று, ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு ஒரே கோபால்தான். போஸ்ட்கிரஸ் இயல்பாக ஒப்பிடும்போது இருவரும் வேறு வேறு ஆள். ஒருவர் பெயரில் கடன், இன்னொருவர் பெயரில் வரவு. நடு ஆளான லைப்ரரி தந்ததைத் தந்தபடி கொண்டுபோய்ச் சேர்க்கும், திருத்தாது, திருத்தவும் கூடாது. இதை இத்தாலிக்காரர் ஒருவர் தன் சோதனைப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்களா? கோபால் யார் வாடிக்கையாளர்?

பிழை கண்டால் எழுதும்போது தயவுசெய்து "நாட் வொர்க்கிங், அர்ஜென்ட்" என்று எழுதாதீர்கள். பைத்தான் எந்தப் பதிப்பு, லைப்ரரி எந்தப் பதிப்பு, சர்வர் எது, நடுவில் பிஜிபவுன்சர் உண்டா, பிழையை மறுபடி வரவைக்கும் பத்து வரி கோடு. அந்தப் பத்து வரியைச் சுருக்கும்போதே பாதிப் பிழைகள் நம்முடையவை என்று தெரிந்துவிடும், அனுப்பும் வேலையும் மிச்சம். இங்கிலீஷ் சுமாராக இருந்தால் பரவாயில்லை, அவர்களில் பலருக்கும் அது தாய்மொழி இல்லை.

போஸ்ட்கிரஸ் வருடா வருடம் மே, ஜூன் வாக்கில் அடுத்த பதிப்பின் பீட்டாவை விடும், முழு வெளியீடு செப்டம்பர், அக்டோபரில். நமக்கும் அப்போதுதான் செமஸ்டர் லீவ். பெரியப்பா கடையின் பழைய பேக்கப் ஒன்றை, பெயர்களையெல்லாம் மாற்றி வாங்கி வைத்திருக்கிறேன். வரும் பீட்டாவில் பழைய லைப்ரரி, புதிய லைப்ரரி இரண்டையும் அதில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். கூட உட்கார இரண்டு பேர் கிடைத்தால் நல்லது, கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் என்றாலும் சேர்த்துக்கொள்வேன். ஆர்வமுள்ளவர்கள் பின்னூட்டத்தில் சொல்லவும். "பி.காம். பையனுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று வரும் பின்னூட்டங்களுக்குப் பதில் தரப்பட மாட்டாது.